நாடகத்துக்குக் கிடைத்த செருப்பு



நம் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் காவடி, தீமிதி, அன்னதானம் ஆகியவற்றோடு கடைசி நாள் இரவில் ஒரு நாடகமும் நடந்த காலம் உண்டு. கோயிலுக்கு எதிரே மேசைகளை அடுக்கிப் பலகை போட்டு, மேலே படுதா கட்டி, லயத்துச் சேலைகளையே திரையாக்கி நடத்துவார்கள். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து முதன்முதலாக ஒரு தோட்டப் பள்ளிக்குச் சென்ற ஆண்டில், அப்படி ஒரு நாடகத்துக்கு என்னைப் பாராட்டுரை வழங்க அழைத்தார்கள். இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று மாதம் உழைத்துப் போட்ட நாடகம். நானும் ஒலிபெருக்கியைப் பிடித்து, கதை அருமை, வசனம் அருமை, நடிப்பு அருமை என்று பேசி, ஒரு மாலையையும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இறங்கிய இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். “ஏன் வாத்தியாரே, உச்சி வெயில்ல ஒருத்தன் மரம் வெட்டப் போறான், உளிய வச்ச உடனே மங்கு நிறைஞ்சுபோவுது. அதப் போயி அருமைங்கிறீங்களே! நாங்க எல்லாம் இருட்டுலயே எழுந்து ஓடுறது எதுக்காம்?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்து விட்டேன்.

அந்தப் பாட்டி சொன்னதை நான் அந்த இளைஞர்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் மனம் நோகுமே என்று நினைத்தேன். மறு ஆண்டு அவர்கள் அதே நாடகத்தை, ஒரு வரியும் மாற்றாமல், பட்டணத்துப் போட்டி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூட்டம் எந்த இடத்தில் அழவேண்டுமோ அந்த இடத்தில் சிரித்தது. திரும்பி வந்த பிறகு அவர்கள் நாடகமே போடவில்லை. கதை எழுதிய பையன் மட்டும் ஒருநாள் பள்ளிக்கு வந்து, “தெரிஞ்சிருந்தா முன்னாலேயே சொல்லியிருக்கலாமே சார்” என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கேள்விதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

நேயர்களே, இன்று நான் சொல்லப்போவது வங்காளத்தில் நடந்த கதை. ஆனாலும் தோட்டத்து மக்களாகிய நமக்கு மிக நெருக்கமான கதை. ஏனென்றால் அந்த நாடகமே பயிர்த் தொழிலாளர்களின் துன்பத்தைப் பற்றியது.

துணிக்குச் சாயம் போடும் நீலம் அக்காலத்தில் அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்துக் குடியானவர்களுக்கு நீலத் தோட்டத் துரைமார் முன்பணம் கொடுத்து, நல்ல நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடச் செய்தார்கள். கொடுத்த விலையோ செலவுக்கே காணாது. வாங்கிய முன்பணம் கணக்கில் கடனாகவே நிற்கும். தகப்பன் வாங்கிய கடனை மகன் சுமப்பான். முன்பணம் என்றதும் உங்களில் பெரியவர்களுக்குக் கங்காணிமார் காலத்தில் கப்பலேறிய பாட்டன்மார் பட்ட கடன் நினைவுக்கு வரலாம். ஊர் வேறு, பயிர் வேறு என்றாலும் கணக்குப் புத்தகம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது! மறுத்தவனுக்கு அடி, வீட்டுக்குத் தீ, கிடங்கில் சிறை. 1859ஆம் ஆண்டு அந்தக் குடியானவர்கள் “இனி அவுரி விதைக்க மாட்டோம்” என்று எழுந்து நின்றார்கள். அரசாங்கம் 1860இல் விசாரணைக் குழு ஒன்றை அமைக்கவேண்டி வந்தது.

அதே 1860ஆம் ஆண்டு டாக்கா நகரில், ஆசிரியர் பெயர் போடாமல் ஒரு நாடக நூல் வெளிவந்தது. அதன் பெயர் ‘நீல் தர்ப்பண்’. தர்ப்பணம் என்றால் கண்ணாடி. நீலத் தொழிலின் முகம் காட்டும் கண்ணாடி என்பது பொருள். எழுதியவர் தீனபந்து மித்ரா. தபால் இலாகா உத்தியோகஸ்தர். வேலையின் பொருட்டு கிராமம் கிராமமாகச் சுற்றியவர். எனவே கண்ணால் கண்டதை எழுதினார். ஒரு நல்ல குடும்பம் நீலத் துரைமாரால் எப்படிச் சிதைந்தது என்பதுதான் கதை. வயதான குடும்பத் தலைவர் சிறையில் தூக்கிட்டுக் கொள்கிறார். மகன் அடிபட்டு இறக்கிறான். தாய் சித்தம் கலங்குகிறாள். க்ஷேத்ரமணி என்ற ஏழைக் கர்ப்பிணிப் பெண்ணை ஒரு துரை மானபங்கம் செய்ய முயல, தோராப் என்ற குடியானவன் பாய்ந்து வந்து காப்பாற்றுகிறான். ஆனாலும் அவள் பிழைக்கவில்லை.

இந்த நூலின் முன்னுரையில் ஓர் இடம் நம் பொருளுக்கு மிகவும் முக்கியமானது. இரண்டு ஆங்கில நாளேடுகள் நீலத் துரைமாரைப் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றனவே, அவற்றின் ஆசிரியர்கள் ஆயிரம் ரூபாய்க்கு விலைபோய்விட்டார்களே என்று தீனபந்து எழுதினார். அதாவது, நாடகம் மேடையேறுமுன்பே காசுக்குப் புகழும் எழுத்தின்மேல் அது குற்றம் சாட்டியது.

அதற்கு விலை கொடுத்தவர் தீனபந்து அல்லர். ஜேம்ஸ் லாங் என்ற அயர்லாந்து நாட்டுப் பாதிரியார் இந்த நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1861இல் வெளியிட்டார். ‘இங்கிலீஷ்மேன்’ என்ற நாளேட்டின் தரப்பும் நிலச்சுவான்தார்களும் அவதூறு வழக்குத் தொடர்ந்தார்கள். கல்கத்தா உச்ச நீதிமன்றம் லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. காளி பிரசன்ன சிங்கா என்ற இளம் வங்காள எழுத்தாளர் அந்த இடத்திலேயே அபராதத்தைக் கட்டினார். சிறையை மட்டும் பாதிரியாரே அனுபவித்தார். புகழுக்குக் கூலி ஆயிரம் என்று எழுதியதற்கு அபராதமும் ஆயிரம்! வரலாறும் சில சமயம் நாடக ஆசிரியனைப்போலத்தான் வசனம் எழுதுகிறது.

பதினோரு ஆண்டுகள் சென்றன. கல்கத்தாவில் பாக்பஜார் பகுதியைச் சேர்ந்த சில இளைஞர்கள் நாடகக் குழு ஒன்றை வைத்திருந்தார்கள். அதுவரை அங்கே நாடகம் என்பது பணக்காரர் வீட்டு மாளிகையில், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்ப்பது. இவர்களோ கையில் காசில்லாதவர்கள். ராஜா ராணி கதை போட்டால் பட்டும் பீதாம்பரமும் வேண்டும். தீனபந்துவின் நாடகங்களுக்கோ கட்டிய வேட்டியே போதும். ஆகவே ‘நேஷனல் தியேட்டர்’ என்று பெயரிட்டு, சீட்டு விற்று, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். 1872 டிசம்பர் 7ஆம் நாள், சனிக்கிழமை இரவு, மதுசூதன் சன்யால் என்பவரின் வீட்டு முற்றத்தில் ‘நீல் தர்ப்பண்’ அரங்கேறியது. முதல் வகுப்பு ஒரு ரூபாய். இரண்டாம் வகுப்பு எட்டணா.

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அர்த்தேந்து சேகர் முஸ்தபி என்ற நடிகர் உட் என்னும் கொடுமைக்காரத் துரையாகவும் வந்தார். அந்தத் துரையால் குடும்பத்தை இழந்து பைத்தியமாகும் தாய் சாவித்திரியாகவும் அவரே வந்தார். இதோடு சிறையில் சாகும் பெரியவர், ஒரு குடியானவன் என்று ஒரே இரவில் நான்கு வேடங்கள்! ஒரு வேடத்துக்கே மூச்சு வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

இவர் துரை வேடத்தில் நடித்ததைப் பற்றி வங்காளத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. விதவை மறுமணத்துக்குச் சட்டம் வர உழைத்த பேரறிஞர் ஈசுவர சந்திர வித்யாசாகர் முன்வரிசையில் இருந்தாராம். துரையின் அட்டூழியம் மேடையில் நடக்க நடக்கப் பொறுக்க முடியாமல், காலில் கிடந்த செருப்பைக் கழற்றித் துரையின் மேல் வீசிவிட்டாராம். அர்த்தேந்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, என் நடிப்புக்கு இதைவிடப் பெரிய பரிசு ஏது என்று சொன்னாராம்.

இந்தக் கதையைப் பலர் சிறந்த விமர்சனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செருப்பு வீசிய கணத்தில் அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை, அது உண்மைதான். ஆனால் அந்தச் செருப்பு, நடிகர் நன்றாக நடித்தார் என்பதை மட்டுமே சொல்கிறது. நாடகத்தில் எந்த இடம் தொய்ந்தது, எந்த வசனம் காதில் விழவில்லை, எந்தப் பாத்திரம் உயிரில்லாமல் நின்றது என்பதையெல்லாம் செருப்பு சொல்லாது. கைதட்டலும் அப்படித்தான். நான் அன்று தோட்டத்தில் பேசியதும் ஒரு நீளமான கைதட்டல், அவ்வளவுதான்.

அந்த முதல் நாடகத்துக்கு வேறு வகையான விமர்சனங்களும் வந்தன. ‘இங்கிலீஷ்மேன்’ ஏடு டிசம்பர் மாதத்திலேயே எழுதியது: மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஒரு பாதிரியார் சிறை சென்றாரே, அப்படிப்பட்ட நாடகத்தை நடத்த அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது என்பது அதன் வாதம். நடிப்பைப் பற்றி ஆராயாமல் நடத்தவே விடாதே என்றது. நாடகத்தைப் பார்க்காமலேயே எழுதக்கூடிய கருத்து அது.

இன்னொன்று இதைவிட வருத்தமானது. பின்னாளில் வங்க நாடக உலகின் தந்தையாகக் கருதப்பட்ட கிரீஷ் சந்திர கோஷ் இதே குழுவில் இருந்தவர். ‘நேஷனல்’ என்று பெரிய பெயரை வைத்துக்கொண்டு, நல்ல காட்சித் திரைகூட இல்லாமல், காசு வாங்கிக்கொண்டு ஊரார் முன் நிற்பது கேலிக்கிடமாகும் என்று அவர் கருதினார். அந்தக் கருத்தில் நியாயம் உண்டு. தயாரிப்பு போதாது என்று நண்பர்களிடம் சொல்வதுதான் நேர்மையான விமர்சனம். ஆனால் அவர்கள் கேட்கவில்லை என்றதும் அவர் விலகினார். அதோடு நில்லாமல், நடிகர்களின் பெயர்களையெல்லாம் கோத்து ஒரு கிண்டல் பாட்டுக் கட்டினார். ‘இந்தியன் மிரர்’ என்ற ஏட்டில், “ஒரு தந்தை” என்ற புனைபெயரில் நாடகத்தைக் குறைகூறி வந்த கடிதமும் அவர் கைவண்ணமே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அக்கடிதம் சுட்டிய குறைகள் சில உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னதால், உண்மை எது, கோபம் எது என்று கேட்பவனுக்குத் தெரியாமல் போயிற்று.

கிரீஷின் பெருமையையும் சொல்லவேண்டும். சில வாரங்களிலேயே, 1873 தொடக்கத்தில், அதே குழுவுக்குத் திரும்பி வந்து மைக்கேல் மதுசூதன தத்தரின் ‘கிருஷ்ணகுமாரி’ நாடகத்தில் பீம்சிங்காக நடித்தார். வெளியே நின்று ஏசியவர் உள்ளே வந்து வேடம் கட்டினார். முதுமையில், அர்த்தேந்து மறைந்தபோது அவரை நடிகர்களின் முடிமணி என்று போற்றி எழுதியவரும் இவரே. தீனபந்துவைத்தான் எங்கள் நாடக அரங்கை நிறுவியவராக வணங்குகிறேன் என்றும் பின்னாளில் ஒரு நூலில் எழுதினார்.

சரி, அப்படியானால் அந்த நாடகத்தை நேர்மையாக எடை போட்டவர் ஒருவருமே இல்லையா? இருந்தார். அவர் தீனபந்துவின் உயிர் நண்பர், நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. 1873இல் தீனபந்து காலமான பிறகு, நண்பரின் எழுத்தைப் பற்றி பங்கிம் எழுதினார். இறந்துபோன நண்பனைப் பற்றி எழுதும்போது யாராக இருந்தாலும் புகழ்மாலைதானே சூட்டுவார்கள்? பங்கிம் அப்படிச் செய்யவில்லை. நண்பனுக்கு எது கைவந்தது, எது கைவரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு வைத்தியரைப்போல நாடி பிடித்துப் பார்த்தார்.

அவர் கண்டது இதுதான். தீனபந்துவிடம் இரண்டு வலிமைகள் இருந்தன. ஒன்று ஊர் ஊராகச் சுற்றிப் பெற்ற அனுபவம், மற்றொன்று எவர் துன்பத்தையும் தம் துன்பமாக உணரும் மனம். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் தோராப் பிறந்தான். ஆதுரி என்ற வேலைக்காரி பிறந்தாள். அவர்கள் பேசும் கொச்சைப் பேச்சைப் படித்தவர்கள் குறை கூறினார்களே, அந்தப் பேச்சைக் கத்தரித்திருந்தால் அந்த ஆட்களே முழுசாக நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள் என்றார் பங்கிம். ஆனால் தாம் பழகி அறியாத வகையினரை, உதாரணமாகப் புத்தகங்களில் மட்டுமே காணக்கூடிய காதல் நாயகிகளைப் படைக்கப் போன இடத்தில் நண்பருக்குத் தோல்விதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அங்கே மனம் இருந்தும் அனுபவம் இல்லை. எனவே பாத்திரம் பொம்மையாயிற்று. சமூகத்தைத் திருத்தவேண்டும் என்று எழுதப்படும் நூல்கள் கலையாகத் தேறுவது அரிது என்ற தம் பொதுக் கருத்தையும் அவர் மறைக்கவில்லை. ‘நீல் தர்ப்பண்’ அந்தத் தடையைத் தாண்டியது என்று கண்டு, அமெரிக்க அடிமைகளைப் பற்றிய ‘டாம் மாமாவின் குடிசை’யோடு அதை ஒப்பிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். உச்சி வெயிலில் மரம் வெட்டுவதைக் காட்டாதே என்றால் என்ன பொருள்? உனக்குத் தெரிந்த வாழ்க்கையை விட்டுவிட்டுச் சினிமாவில் பார்த்ததை ஏன் காட்டுகிறாய் என்பதுதானே! எங்கள் இளைஞர்கள் எல்லாருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியற்காலையில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும் என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடும் தாயை மேடையில் காட்டியிருந்தால் அந்தக் கூட்டம் சிரித்திருக்குமா? பங்கிம் ஒரு கட்டுரை முழுதும் எழுதியதைப் பாட்டி மூன்று வரியில் சொன்னார். அதைப் பிள்ளைகள் காதில் போடவேண்டிய வாத்தியார் வாய்மூடி இருந்துவிட்டேன்.

பங்கிமின் அளவுகோலை வைத்துக்கொண்டு நானும் ‘நீல் தர்ப்பண்’ கதையைப் பார்க்கிறேன். கடைசிக் காட்சிகளில் ஒருவர் பின் ஒருவராக மடிகிறார்கள். பைத்தியமான மாமியாரே மருமகளைக் கொல்கிறாள். இத்தனை சாவு வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொன்னால் நாடகம் பேசிய நியாயத்தின் மேல் எனக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. நம்மவர் பலர் இங்கேதான் தடுமாறுகிறோம். நல்ல காரியத்துக்காக நடத்தும் நாடகத்தைக் குறை சொன்னால் நல்ல காரியத்தையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

இனி அந்த நாடகத்தின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1875இல் ‘கிரேட் நேஷனல் தியேட்டர்’ என்ற குழு வடநாட்டுச் சுற்றுப்பயணம் சென்று, லக்னோ நகரில் ‘நீல் தர்ப்பண்’ நடத்தியது. இதற்குள் பெண்களும் மேடையேறத் தொடங்கியிருந்தார்கள். அக்குழுவில் விநோதினி என்ற சிறுமி இருந்தாள். தோராப் துரையை அடிக்கும் காட்சி வந்ததும், பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர் சிலர் கொதித்தெழுந்து, வாளை உருவிக்கொண்டு மேடையை நோக்கிப் பாய்ந்ததையும், நடிகர் நடிகையர் நடுநடுங்கி நின்றதையும், நாடகம் பாதியில் நின்றுபோனதையும் அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் செருப்பு, லக்னோவில் வாள். மறு ஆண்டு, 1876இல், நாடகங்களைத் தடைசெய்ய அரசாங்கம் சட்டமே கொண்டுவந்தது.

அந்த விநோதினி வளர்ந்து கிரீஷ் சந்திர கோஷின் மாணவியாகி, வங்க மேடையின் மிகச் சிறந்த நடிகையானார். 1883இல் கட்டப்பட்ட ஒரு புதிய அரங்குக்கு அவர் பெயரை வைப்பதாக வாக்களித்தார்கள். அந்த அரங்கு எழுவதற்காக அவர் தம் வாழ்க்கையையே பணயம் வைத்தார். கடைசியில் அதற்கு ‘ஸ்டார்’ என்று பெயரிட்டு விட்டார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிலேயே அவர் மேடையை விட்டு விலகினார்.

பல ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய விநோதினி, அதற்கு முன்னுரை கேட்டுத் தம் ஆசான் கிரீஷிடம் சென்றார். கிரீஷ் எழுதிக் கொடுத்தார். அதில் மாணவியின் நடிப்பாற்றலுக்குப் புகழ்ச்சி இருந்தது. வேறு எவராக இருந்தாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். விநோதினிக்கோ திருப்தியில்லை. நடந்த உண்மைகள் பல இதில் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். கசப்பான உண்மையை எல்லாச் சமயத்திலும் சொல்லலாகாது என்பது ஆசானின் பதில். மாணவி விடவில்லை. சாவதற்கு முன் வேறு முன்னுரை எழுதித் தருகிறேன் என்று கிரீஷ் வாக்களித்தார். 1912 பிப்ரவரியில் அவர் காலமானார். இரண்டாவது முன்னுரை எழுதப்படவேயில்லை.

விநோதினி தம் நூலில் அந்தப் பழைய முன்னுரையையே சேர்த்தார்; அது ஏன் தமக்குப் போதவில்லை என்பதையும் கூடவே எழுதி அச்சிட்டார்.